ஊசிப்போச்சு

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் வேலுத்தாயின் மூக்கு பேர்போனது. அதைவிடப் பேர்போனது அவள் வாய். விடியுமுன் மருமகள் மோனிஷா எழுந்து பொங்கி, ஆவி அடங்குமுன்பே தூக்குவாளியில் அடைத்து மூடுவாள். ஆறவைக்க நேரமேது? ஜீப்புக்காரன் காத்திருக்க மாட்டானே! ரெண்டு பேரும் போடிமெட்டு ஏறித் தோட்டம் சேர்ந்து, மத்தியானம் மூடியைத் திறந்தால் சோறு வேர்த்துக் கிடக்கும்.

"ஊசிப்போச்சு" என்பாள் வேலுத்தாய், சுற்றியிருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி.

அந்தச் சொல்லை அங்கே யாரும் லேசில் எடுப்பதில்லை. புளித்த சோற்றைக்கூடத் தின்னலாம். ஊசிய சோறு கொழகொழத்து நூல்விடும். நாய்கூட மோந்துவிட்டுப் போய்விடும். அடுத்த வீட்டுச் சோற்றை அப்படிச் சொன்னால் பொங்கியவளையே ஏசிய மாதிரி. அதனால் எவ்வளவு நாறினாலும் "லேசா மாறிருக்கு" என்று நிறுத்திக்கொள்வார்கள். அந்த மரியாதையெல்லாம் ஊராருக்குத்தான், மருமகளுக்கு எதற்கு? மோனிஷா குனிந்த தலை நிமிராமல் தின்பாள். ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி வேறு.

அன்று முதலாளி வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. முந்தின நாள் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். சூப்பர்வைசர் ஜோஜோ அண்டாவை இறக்கிவைத்து, "முதலாளி உங்களுக்குன்னே கொடுத்துவிட்டாரு" என்று பக்கத்திலேயே நின்றான்.

மூடியைத் திறந்ததும் வேலுத்தாய்க்கு ஊசிய வாடை குப்பென்று அடித்தது. சந்தேகமே இல்லை. பெண்கள் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் யாரும் தொடமாட்டார்கள். ஜோஜோவும் பார்த்தான். அடுத்த ஏலக்காய் எடுப்புக்கு யாரைக் கூப்பிடுவது, யாரை நிறுத்துவது என்பதெல்லாம் அவன் கையில் இருந்தது.

"லேசா மாறிருக்கு" என்றாள் வேலுத்தாய். "மசாலா தூக்கலு, அதான்."

"அத்தே, எனக்கு வேணாம். வாடை கொமட்டுது. நம்ம சோத்தையே தின்னுக்கிறேன்" என்றாள் மோனிஷா மெதுவாக.

"உன் ஊசிப்போன சோத்துக்கு இது எவ்வளவோ தேவலை. சூப்பர்வைசரு பாக்குறாரு, பேசாம தின்னுடி."

மற்ற பெண்கள் பேருக்குக் கொறித்தார்கள். மோனிஷா தின்றாள். வேலுத்தாய் ரெண்டு வாய் வைத்துவிட்டு, மிச்சத்தை ஏலச்செடி மறைவில் கொட்டினாள். பாவி, மருமகளைக் கண்ணால்கூட எச்சரிக்கவில்லை.

சாயங்காலம் ஜீப் ஏறுமுன்பே மோனிஷா வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள். ஜோஜோதான் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். மறுநாள் காலையில், பிள்ளை தங்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா கட்டிலருகே வந்து வேலுத்தாயிடம் கேட்டாள்: "நேத்து சாப்பாடு எப்படி இருந்தது? கெட்ட மணம் ஏதாவது உண்டா?"

வேலுத்தாய் வாசலைப் பார்த்தாள். அங்கே ஜோஜோ நின்றுகொண்டிருந்தான். பழகிய வாய் பழகியபடியே பேசியது.

"லேசா... மாறிருந்துச்சும்மா."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த மோனிஷா இந்தப் பக்கம் புரண்டாள்.

"ஊசிப்போன சோறு டாக்டரம்மா. மூடியத் தொறந்ததுமே எங்கத்தைக்குத் தெரியும். நான் பொங்குனதா இருந்தா அப்பவே சொல்லியிருப்பாக."