தினமும் மூன்று மணி நேரம்

கண்ணாடிப் பட்டறையில் அவனுக்கு ‘அரை டாக்டர்’ என்று பெயர். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். அங்கே லென்ஸை வெட்டுவது ஒருவர், பிரேமில் பொருத்துவது இன்னொருவர், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கடைசியில் பார்த்து அனுப்புவது அவன். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கண்ணாடியும் ஒரு சீட்டும் இருக்கும். சீட்டில் பழைய பவர், புதுப் பவர், போடப்போகிறவரின் வயது. வயது ஐந்து, ஆறு என்று ஒரு தட்டு வந்துவிட்டால் போதும், அரை டாக்டருக்குச் சாமி வந்துவிடும்.

“பாருங்க, ஆறு வயசு. போன வருஷம் ஒண்ணேகால், இந்த வருஷம் ரெண்டரை. அழுதா போன், சாப்பிடலைன்னா போன். பெத்துட்டா மட்டும் போதுமா?”

நியாயமான பேச்சுதான், இல்லை என்று யார் சொன்னார்கள்? ஆனால் நியாயத்தை எந்நேரமும் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவனோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? மதிய இடைவேளையில் அவன் மேஜை மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். கடைசிவரை அவனோடு உட்கார்ந்தது லென்ஸ் வெட்டும் அக்கா ஒருத்திதான். அவளையும் ஒரு நாள் துரத்திவிட்டான்.

அக்காவுக்கு எட்டு வயதில் ஒரு பையன். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் ஆள் கிடையாது. அவள் போய்ச் சேரும்வரை அவனுக்கு போன்தான் துணை. அதைத் தெரியாத்தனமாக அரை டாக்டரிடம் சொல்லிவிட்டாள்.

“சோம்பேறித்தனம்க்கா. உங்க வசதிக்குப் பையன் கண்ணைப் பணயம் வைக்கிறீங்க” என்றான் அவன், வாயில் இருந்ததை விழுங்கக்கூட இல்லை.

“நான் வர்ற வரைக்கும் அவனுக்கு வேற யாரு இருக்கா, தம்பி?” என்று மட்டும் கேட்டாள் அக்கா. மறுநாள் முதல் ஜன்னல் பக்கம் போய்த் தனியாகச் சாப்பிட்டாள்.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்குத்தான் சாயங்காலம் இருந்ததே.

நாலரைக்கு வேலை முடியும். ஐந்து மணிக்கெல்லாம் அறைக்கு வந்துவிடுவான். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் தெரிகிற ஒரு ஜன்னல். சுவருக்கு மேலே ஒரு முழம் வானம். கைகால் கழுவிவிட்டுத் தண்ணீர் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்து வீட்டைக் கூப்பிடுவான். ஒரு ரயிலும் ஒரு பஸ்ஸுமாக ஒன்றரை நாள் தூரத்தில் இருந்த அந்த வீட்டில், அவன் மகள் அங்கே ஒரு ஜாடியில் போனைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வயது ஆறு. அவள் அம்மா அவளை ‘வாலு’ என்பாள். ஓரிடத்தில் நிற்காத பிள்ளை என்று வைத்த பெயர்.

அந்த வாலுதான் ஐந்து மணியிலிருந்து ஏழரை மணிவரை அப்பாவுக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுப்பாடம் எழுதுவது அங்கேதான், வரைவது அங்கேதான், கதை கேட்பது, சாப்பிடுவது எல்லாம் அங்கேதான். காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் தனி. எதையாவது எடுக்க அவள் எழுந்து போனால் திரையில் வெறும் நாற்காலி தெரியும். உடனே அவன் குரல் கொடுப்பான். “எங்கடா போயிட்ட? அப்பாவுக்குத் தெரியலையே! முன்னாடி வா, முன்னாடி வா.” அவள் ஓடி வந்து மூக்கு இடிக்கும் அளவுக்குத் திரையில் முகத்தை வைப்பாள். அவனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் வேலைக்கு வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அப்போதெல்லாம் வாரம் ஒரு முறைதான் பேசுவான், அதுவும் மனைவியோடு மட்டும். ஒரு வருடம் கழித்து, பெட்டி நிறைய பொம்மைகளோடு ஊருக்குப் போனான். கதவைத் திறந்த மகள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, “அம்மா, ஒரு மாமா வந்திருக்காரு” என்றாள். மனைவி சிரித்தாள், அவனும் சிரித்தான். அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதது அவனுக்கு மட்டும் தெரியும். இனி அந்த வார்த்தையைத் தன் பிள்ளை வாயால் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தான். அதிலிருந்துதான் இந்தத் தினசரி வழக்கம். அடுத்த முறை போனபோது தெருமுனையிலேயே ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு வருடத்தின் மற்ற நாட்களை ஓட்டுகிறவன் அவன்.

ஒரு நாள் பள்ளியில் இருந்து டீச்சர் சொல்லி அனுப்பினார், பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரார் பிள்ளைகள் கண்ணையெல்லாம் தினமும் சீட்டில் பார்க்கிறவன், தன் பிள்ளையின் கண்ணை எப்படிக் கோட்டைவிட்டான்? கோட்டைவிட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தூரத்தில் இருப்பதுதான் அவளுக்கு மங்கலாக இருந்தது. கிட்டத்தில் இருப்பதெல்லாம் நன்றாகவே தெரிந்தது. அப்பா கிட்டத்தில்தானே இருந்தார்.

கண் மருத்துவமனைக்கு மனைவி மகளைக் கூட்டிப் போனாள். அவன் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு பட்டறையின் பின்படிக்கட்டில் வந்து நின்று, போனிலேயே கூடப் போனான். இந்தத் தொழிலில் இருக்கிறவன் இல்லாமல் பரிசோதனையா? பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா கேட்டார்: “வீட்ல போன் பாப்பாளா?”

மனைவி வாயைத் திறப்பதற்குள் போனுக்குள் இருந்து இவன் முந்திக்கொண்டான். “டாக்டர், எங்க வீட்ல அந்தப் பழக்கமே கிடையாது. கார்ட்டூன் கிடையாது, கேம் கிடையாது. நானே கண்ணாடிப் பட்டறையிலதான் இருக்கேன். இதெல்லாம் எனக்கு அத்துப்படி.”

டாக்டரம்மா சரி என்று தலையாட்டிவிட்டு மகளிடம் குனிந்தார். “நீ சொல்லு கண்ணு. போன்ல என்ன பாப்ப?”

“அப்பா பாப்பேன்.”

“அப்பாவா? எவ்வளவு நேரம்?”

வாலுவுக்கு நேரம் சொல்லத் தெரியாது. “ஸ்கூல் விட்டு வந்ததும் பாப்பேன். சாப்பிடற வரைக்கும் பாப்பேன். காலையிலயும் பாப்பேன்.”

“அப்ப வெளிய போய் விளையாடறது எப்போ?”

“வெளிய போனா அப்பாவுக்கு நான் தெரிய மாட்டேனே” என்றாள் மகள்.

மனைவி போனைத் தாழ்த்தினாளோ என்னவோ, திரையில் மருத்துவமனைக் கூரை தெரிந்தது, பிறகு மின்விசிறி தெரிந்தது. மூன்று மணி நேரம் என்று மனைவி மெல்லக் கணக்குச் சொல்வது கேட்டது.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பான். “இதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். இது பரம்பரையாவும் வரும். ஆனா இனிமே வேகமா ஏறாம பாத்துக்கணும். வெளிச்சம் இருக்கறப்போ பிள்ளை வெளிய இருக்கட்டும், ஓடட்டும், தூரத்தைப் பாக்கட்டும். போன்ல முகம் பாத்துப் பேசறதை ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் வச்சுக்கோங்க, தள்ளி வச்சுப் பேசுங்க” என்றார். அவர் சொன்னதெல்லாம் சரி. அவனே ஆயிரம் தடவை அடுத்தவர்களுக்குச் சொன்னதுதான்.

அன்று சாயங்காலம் மனைவியோடு மட்டும் பேசினான்.

“உனக்குத் தெரிஞ்சிருந்தா ஏன்மா சொல்லல?”

“சொல்லணும்னுதான் இருந்தேன், ஆறு மாசமா. கீழ பிள்ளைங்க வந்து கூப்பிடுதுங்க, இவ வரலைங்கறா. ஆனா அந்த ரூம்ல நீங்க தனியா உக்காந்து சாப்பிடறதைப் பாத்தா எனக்கு வாய் வரல.” பிறகு அவளே கேட்டாள். “இப்பவும் மனசு வரல. அவ மறந்துடுவான்னு பயப்படறீங்க, இல்ல?”

“மறுபடி மாமான்னு கூப்பிட்டாள்னா?” என்றான். சிரிக்க முயன்றான், குரல் உடைந்துவிட்டது.

கண்ணாடியை வேறு யாரும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டான். அளவுகளை வரவழைத்து, ரப்பர் மாதிரி வளைகிற சின்னப் பிரேமாகப் பொறுக்கி எடுத்து, தானே சீட்டு எழுதினான். வலது கண் இரண்டு, இடது கண் இரண்டே கால், வயது ஆறு. பெயர் எழுதும் இடத்தில் ‘என் மகள்’ என்று எழுதி அக்காவின் மேஜையில் தட்டை வைத்தான். வைத்த கையை எடுக்காமல் நின்றான்.

அக்கா சீட்டைப் படித்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு குத்தலான வார்த்தை வரும் என்று அவன் காத்திருந்தான். வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“பக்குவமா வெட்டித் தரேன், தம்பி” என்றாள்.

“அக்கா, அன்னிக்கு நான் பேசினது தப்பு.”

“கண்ணைப் பத்திப் பேசினது தப்பில்ல” என்றாள் அக்கா, லென்ஸில் நடுப்புள்ளி குறித்துக்கொண்டே. “என்னைப் பத்திப் பேசினதுதான்.” அவள் மெஷினைத் தட்டிவிட, தண்ணீர் பீய்ச்சும் சத்தத்தில் பேச்சு முடிந்துபோனது. மதியம் அவள் ஜன்னல் பக்கமேதான் உட்கார்ந்தாள். எல்லாம் ஒரு மன்னிப்பில் சரியாகிவிடுமா என்ன?

கண்ணாடி முடிந்து வந்ததும் ஒரு தடவைக்கு நாலு தடவை பவரைச் சரிபார்த்தான். பிறகு மெல்லிய துணியில் துடைத்துக் கூட்டில் வைத்து அனுப்பினான். அதைப் போட்டுக்கொண்ட முகம் எப்படி இருக்கும் என்று மட்டும் எந்த மெஷினிலும் பார்க்க முடியவில்லை.

கண்ணாடி போய்ச் சேர்ந்த அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். மனைவி ஒரு படம் அனுப்பினாள். ஓடுகிற பிள்ளையை எடுத்திருந்தாள். முகம் இருந்த இடத்தில் ஒரு கலங்கல், காதோரம் பிரேமின் நீலம் மட்டும் தெளிவு. ‘நிக்க மாட்டேங்கறா’ என்று கீழே எழுதியிருந்தாள். இன்னொன்று எடுத்து அனுப்பு என்று எழுதினான், அழித்துவிட்டான்.

ஐந்தே காலுக்குக் கூப்பிட்டான், குரல் மட்டும். வாசலோரத்து அலமாரியில் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டாள் மனைவி.

“அப்பா! எதிர் மாடியில தினமும் ஒரு மாமா துணி காயப் போடுவாருல்ல? அவருக்கு மீசை இருக்குப்பா!”

“அப்படியா? பெரிய மீசையா?”

“ரொம்பப் பெரிசு. அப்புறம் அவரு ஜன்னல்ல இருக்கற மீன் தொட்டியில மீன் இல்லப்பா, அது வெறும் படம்தான். அப்புறம்…” கீழேயிருந்து பிள்ளைகள் யாரோ கத்திக் கூப்பிட்டார்கள். “அப்பா, நான் போயிட்டு வரேன்!”

செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். படிகளில் தடதடவென்று இறங்குவது தேய்ந்துகொண்டே போனது. ‘எங்கடா போயிட்ட’ என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினான்.

“கூப்பிடட்டுமா?” என்று கேட்டாள் மனைவி.

“வேணாம்.”

“அப்ப வச்சிடட்டுமா?”

“இருக்கட்டும். நீயும் கீழ போய்ப் பாத்துக்கோ. நான் அப்புறம் வச்சிடறேன்.”

அவளும் போய்விட்டாள். அவன் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு, போனைச் சாய்த்து வைக்கத் தேவை இல்லாத மேஜையில் உட்கார்ந்தான். போன் படுத்துக்கிடந்தது. அதற்குள் அவன் வீடு இருந்தது, ஆளில்லாமல். கடிகாரம் ஓடியது, சரியாக மூடாத குழாய் சொட்டியது. அதை மாற்றச் சொல்லிப் போன வருடமே சொன்னான். எங்கோ கீழே பிள்ளைகளின் இரைச்சல். அதில் தன் பிள்ளையின் குரல் எது என்று பிரித்துப் பார்த்தான். சில சமயம் கிடைத்தது, சில சமயம் அது வேறு யாருடைய பிள்ளையோ. இப்படி ஒரு தனிமையை அவன் இந்த நான்கு வருடத்தில் அனுபவித்ததில்லை. இருந்தும் அந்த இரைச்சலைக் கேட்கக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

ஆறு மணிக்கு மேல் இருக்கும். படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. செம்பு நகர்ந்தது. மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம், ஒவ்வொரு மடக்கும் கேட்டது. மூச்சு வாங்கியது. பிறகு அலமாரியின் பக்கம், மிகக் கிட்டத்தில் அந்தக் குரல்.

“அப்பா… இருக்கியா?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். சுவருக்கு மேலே இருந்த ஒரு முழம் வானத்தில் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. அங்கேயும் இருக்கும். ‘இருக்கேன்டா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அவன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

“அப்பா?”

பொத்திய கை நனைந்தது. கையை அவன் எடுக்கவில்லை.

“வச்சிட்டாரு போல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் மகள். செருப்புச் சத்தம் வாசல்வரை மெதுவாகப் போனது. பிறகு படிகளில் ஓட ஆரம்பித்தது.