ஏழாவது போல்ட்

சந்தைத் திடலுக்குக் கிளம்பும்போது பட்டறைக்காரர் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"வேண்டாம்ப்பா. நாம சொன்னா யாரு நம்பப்போறா?" என்றாள் மகள்.

"நம்பவைக்கத்தான் போறேன். பேசாம வா."

மக்காச்சோள மணியை உடைக்காமல் உதிர்க்கும் மெஷினை மூன்று வருடத்துக்கு முன் செய்தவள் அவள். ரப்பர் பல் வைத்த உருளை அவள் மூளையில் பிறந்தது. துளை போட்டதும் பற்றவைத்ததும் மட்டுமே அவர் கை. தலைநகரத்துக் கம்பெனி அதைப் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கி இரண்டு வாரம் வைத்துக்கொண்டது. "இதுக்கெல்லாம் லேப் வேணும்மா, பட்டறை போதாது" என்று சிரித்துத் திருப்பி அனுப்பியது. அந்தச் சிரிப்பை அவள் வீட்டில் வந்து சொன்ன நாளிலிருந்து அவருக்கு ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கியதில்லை. போன வாரம் கம்பெனியின் விளம்பரத் தாளில் அதே மெஷினின் படத்தை போல்ட் போல்ட்டாக எண்ணிப் பார்த்தார். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

திடலில் கம்பெனி போட்ட பந்தலுக்குள் பச்சைப் பெயிண்ட் பளபளக்க மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே கூடியிருந்தது. "மூணு வருஷ ஆராய்ச்சி, நாப்பது எஞ்சினியருங்க உழைப்பு" என்றார் கம்பெனியின் வெள்ளைச் சட்டைக்காரர்.

பட்டறைக்காரர் நிமிர்ந்த முதுகோடு முன்னால் போய் நின்றார். "தம்பி, பேரிங்கைப் பிடிக்க ஆறு போல்ட் போதும். பக்கத்துல ஏழாவதா ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?"

"அதிர்வைக் குறைக்கங்கய்யா. கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பார்த்து வச்ச இடம்."

"கேட்டுக்கோ மாமா, படிச்ச போல்ட்டு! உம்ம பட்டறையில கிடைக்காது!" என்றார் டீக்கடைக்காரர். கூட்டம் சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று பட்டறைக்காரர் காத்திருந்தார்.

நாற்பது வருடமாக அவர் கை தப்பாது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு ஒன்றுதான் அவருடைய சொத்து. ஏழாவது போல்ட்டை விரலால் சுட்டினார்.

"அது நான் தப்பா போட்ட துளை. கண்ணாடி போடாம துளைச்சேன். ஓட்டை தெரியக்கூடாதுன்னு போல்ட்டை முறுக்கி அடைச்சேன். எம்பொண்ணு குறிச்ச அளவு சரியாத்தான் இருந்துச்சு. எங்க மெஷின் பட்டறையிலதான் நிக்குது, அதே இடத்துல அதே போல்ட்டோட. யாரு வேணா வந்து பாருங்க. திருடினவங்க என் தப்பையும் சேர்த்துத் திருடியிருக்காங்க."

வெள்ளைச் சட்டைக்காரர் "ஐயா, தொடாதீங்க" என்பதற்குள் ஸ்பேனர் நாலு சுற்றுச் சுற்றிவிட்டது. போல்ட் கழன்று வந்தது. மெஷின் ஒரு துளியும் அதிராமல் ஓடியது. துளை வழியே பீறிட்ட உமி வெள்ளைச் சட்டையிலும் மீசையிலும் அப்பியது. டீக்கடைக்காரர்தான் முதலில் கைதட்டினார். மூன்று வருடமாகப் பட்டறைக்காரர் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு, இப்போது பந்தல் முழுக்க வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்துக் கேட்டது.

அவர் வெற்றியோடு மகள் பக்கம் திரும்பினார். அவள் வெள்ளைச் சட்டையைப் பார்க்கவே இல்லை.

"நான்தான் அளவைத் தப்பாக் குறிச்சேன்னு சொன்னீங்களேப்பா. இத்தனை நாளா."

அவர் கையை நீட்டினார். உள்ளங்கையில் போல்ட் இன்னும் சூடாக இருந்தது. அவள் அதை எடுக்கவுமில்லை, நகரவுமில்லை. துளையிலிருந்து பறந்த உமி இரண்டு பேர் தலையிலும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.