வாசர் வாங்கப் போனவர்

சுற்றுலாவுக்குக் கூட்டிவந்த பிரிஸ்கில்லா டீச்சர் ஆளுக்கொரு ஓலைத் தொப்பியைக் கொடுத்துக்கொண்டே வந்து இருளப்பசாமிக்கு முன்னால் நின்றபோது அவர் கையை நீட்டவில்லை. வியட்நாமில் அன்றைக்கு மூன்றாவது நாள். முந்தின இரண்டு நாளும் கோயில், கடைத்தெரு, படகு என்று கூட்டிப்போனார்கள். எல்லாவற்றையும் பார்த்தார், எதையும் நம்பவில்லை. இன்று காலையில் ஹோய் ஆன் என்கிற ஊருக்கு வெளியே பஸ்ஸை நிறுத்தி இறங்கச் சொன்னார்கள். இறங்கிப் பார்த்தால் வயல்காடு. உழுது, சேறடித்து, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் கட்டிய ஒரு சின்ன வயல். வரப்பில் கட்டுக்கட்டாக நாற்றுமுடிகள் வரிசையாகக் கிடந்தன. அந்த ஊர்க்காரி ஒருத்தி, அறுபது வயதிருக்கும், இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். இங்கே என்ன சோலி என்று இருளப்பசாமி கேட்டார். நடவு, என்றார் டீச்சர். எல்லோரும் ஒரு மணி நேரம் வயலில் இறங்கி நடலாம். அப்புறம் எருமைச் சவாரி. அப்புறம் சாப்பாடு.

"நடவு நடவா பிளேன் ஏத்திக் கூட்டியாந்திய?" என்றார் இருளப்பசாமி.

கூட்டம் சிரித்தது. ராஜபாளையத்துக்காரரான சந்தனம், கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா இருக்க மாட்டார். "அண்ணாச்சி, ஊர்ல கூலி குடுத்து நட்டோம். இங்க கூலியும் குடுத்து நாமளே நடுதோம். வெளிநாடுல்லா" என்றார்.

இருளப்பசாமி சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி வெள்ளைத்தாயை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் வயல் என்ற பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

சுந்தரபாண்டியத்துக்குத் தெற்கே கண்மாயை ஒட்டி ஒன்றரை ஏக்கர். அவர் அப்பா வைத்துவிட்டுப் போனது. கடைசி நாலைந்து வருஷமாக விளைந்ததில் பாதியை மலையிலிருந்து இறங்கிவந்த பன்றிகள் தின்றன. மகன் வல்லரசு பட்டாளத்தில் இருந்தான். மகள் கோயம்புத்தூரில். இவருக்கு முழங்கால் மடங்கவில்லை. போதாததற்குக் கிணற்று மோட்டார்க் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட்வால்வில் வாசர் தேய்ந்துபோனதால் குழாயில் தண்ணீர் நிற்காது. காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் நாலு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து குழாயில் ஊற்றி நிரப்ப வேண்டும். ஊற்றுகிறவள் வெள்ளைத்தாய். ஒரு வாசர் வாங்கிப் போடுங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் வெள்ளைச்சட்டையைப் போட்டுக்கொண்டு, ராஜபாளையம் போய் வாசர் வாங்கி வாரேன் என்று கிளம்பினார். அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். ரப்பர் வேண்டாம், தோல் வாசராகப் பார்த்து வாங்குங்கள் என்று வாசல் வரைக்கும் வந்து சொல்லிவிட்டாள். அவர் போனது ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீசுக்கு. வயலை எழுதி வாங்கப் பிளாட் போடுகிறவர்கள் அங்கே அவருக்காகக் காத்திருந்தார்கள். காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர், நேராக வீட்டுக்குப் போகாமல் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினார். பைப்புக் கடையில் ஒரு தோல் வாசர் வாங்கினார். எதற்கு வாங்கினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சொல்லிவிட்டு வந்த சாமானை வாங்காமல் போனால் சொன்னது பொய்யாகிவிடும் என்று பட்டது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் கொடுக்கவில்லை. கொடுத்தால் மறுநாளே ஆளைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லுவாள். கடை அடைத்துக் கிடக்கிறது என்றார்.

பத்து நாள் கழித்துப் புல்லறுக்கப் போனவள் வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள். அங்கே மண் தள்ளும் மிசின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வந்தவள் கூடையை மூலையில் கவிழ்த்துவிட்டு உலை வைத்தாள். அழவில்லை, ஏசவில்லை. இன்றைக்குக் கேட்பாள், நாளைக்குக் கேட்பாள் என்று அவர் பதில்களைத் தயாராக வைத்துக்கொண்டு திரிந்தார். கேட்கவே இல்லை. சண்டை போட்டிருந்தால் அவரும் நாலு வார்த்தை கத்தித் தீர்த்திருப்பார். சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், கண்மாய்ப் பக்கத்து ரோட்டில் மட்டும் கால் வைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டுமென்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு போய் பஸ் ஏறினாள்.

லீவில் வந்த வல்லரசு, அப்பாவுக்கு எழுபது ஆகுது, கோயில்ல வச்சு ஒரு கல்யாணம் செஞ்சு பாப்போமா என்று கேட்டான். வேண்டாம் என்றவள் வெள்ளைத்தாய்தான். "தெரியாத ஊரு ஏதாவது ஒண்ணக் காட்டுலே. தெரிஞ்ச ஊரு போதும்" என்றாள். மகன் ஆச்சரியப்பட்டு, பிரிஸ்கில்லா டீச்சர் கூட்டிப்போகும் கூட்டத்தில் இரண்டு பேர் பெயரைப் பதிந்தான். அவர் மறுத்துப் பார்த்தார். அவள் பாட்டுக்குப் பெட்டியில் துணியை அடுக்கினாள். அப்புறம் அவர் எப்படிப் போகாமல் இருப்பார்.

மதுரை விமான நிலையத்தில் இடுப்பில் கட்டியிருந்த பச்சை பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். முப்பது வருஷமாகக் குளிக்கும்போது தவிர கழற்றாத பெல்ட். மாட்டேன் என்று நின்றார். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் கழற்றித் தட்டில் போட்டார். சோதிக்கிறவன் அதன் பையைத் திறந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தான், சில்லறையை எடுத்தான், ஒரு காகிதச் சுருளை எடுத்துப் பிரித்தான். வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, தோல். இது என்ன என்று இந்தியில் கேட்டான். மோட்டார் வாசர் என்றார். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, திருப்பித் தட்டில் போட்டுவிட்டான். அவசரமாக எடுத்துச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். பெண்கள் வரிசையைத் தாண்டி நின்ற வெள்ளைத்தாய் முதுகைக் காட்டிச் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நல்லவேளை என்று நினைத்தார்.

இப்போது அந்த வெள்ளைத்தாய் தொப்பியை வரப்பில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். நாற்றுமுடி ஒன்றை எடுத்து ஒரு உதறு உதறி, வேரைத் தண்ணீரில் அலசி, வயலுக்குள் இறங்கினாள்.

மற்றவர்கள் ஏற்கெனவே இறங்கிச் சறுக்கிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தனம் நட்ட நாற்று எல்லாம் மிதந்தது. கோடு பிசகாமல் இருக்க அந்த ஊர்க்காரி குறுக்கே கயிறு கட்டியிருந்தாள். வெள்ளைத்தாய் கயிற்றைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் வந்து குனிந்தாள். இடது கை பிரிக்க, வலது கை ஊன்ற, பின்னாலேயே நகர்ந்து போனாள். கயிறில்லாத வரிசை கயிறு பிடித்த மாதிரி விழுந்தது. ஊர்க்காரி சிரிப்பதை நிறுத்தினாள். கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அவளும் ஒரு முடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.

"மதினி, நீங்க அந்த ஓரத்தப் பிடிங்க" என்று கைகாட்டினாள் வெள்ளைத்தாய். ஊர்க்காரி அந்த ஓரத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் பின்னால் வந்தார்கள். இருளப்பசாமி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நடவுக்கு இப்படி வரப்பில் நின்றிருக்கிறார். எத்தனை ஆள் வந்திருக்கிறது, எவள் அடிக்கடி நிமிர்கிறாள் என்றுதான் பார்த்திருக்கிறார். தன் பெண்டாட்டியின் கை இவ்வளவு வேகம் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

வயலின் நடுவே வந்ததும் வெள்ளைத்தாய் நிமிர்ந்து, வாயருகே கையைக் குவித்துக் குலவை போட்டாள். மொத்தக் கூட்டமும் அப்படியே நின்றது. பக்கத்து வயலில் மேய்ந்த எருமை தலையைத் தூக்கியது. பிரிஸ்கில்லா டீச்சர் போனைத் தூக்கிப் பிடித்தார். குலவையின் கடைசிச் சுழிப்பு தண்ணீர்மேல் அடங்குவதற்குள் அவள் ஒரு நாற்றுமுடியை எடுத்துக்கொண்டு சேற்றை மிதித்து அவரை நோக்கி வந்தாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஊரில் நடவு நடக்கும்போது வரப்பில் முதலாளி வந்து நின்றாலும் புது ஆள் வந்து நின்றாலும் நடுகிற பெண்கள் ஓடிவந்து காலடியில் நாற்றுமுடியை வைத்துக் குலவை போடுவார்கள். வெற்றிலைக்குக் காசு கொடுக்காமல் அதைத் தாண்டக் கூடாது. அவர் காலிலும் வருஷா வருஷம் வைத்திருக்கிறார்கள். மாடத்தி வைத்திருக்கிறாள், ஆனந்தவல்லி வைத்திருக்கிறாள். வெள்ளைத்தாய் ஒரு தடவைகூட வைத்ததில்லை. புருசன்கிட்ட என்னத்தக் கேக்க என்று கடைசி ஆளாக நின்று சிரித்துக்கொண்டிருப்பாள்.

மகன் வாங்கிக்கொடுத்த வெள்ளை ஷூவுக்கு முன்னால் முடியைக் குறுக்கே வைத்தாள். ஈரம் ஷூவில் வழிந்தது.

"அண்ணாச்சி மாட்டிக்கிட்டாருடோய்" என்றார் சந்தனம். எல்லோரும் கைதட்டினார்கள். இருளப்பசாமி சட்டைப்பையிலிருந்து சைபர் நிறைந்த அந்த ஊர் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"காசு வேண்டாம்."

"பின்ன என்னட்டி?"

"வாசரக் குடுங்க."

அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். கைதட்டினவர்கள் சிரித்து ஓய்ந்து தங்கள் நாற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வாசரு?" என்றார்.

"மதுரையில தட்டுல கெடந்துச்சே. தோல் வாசரு. நான் சொன்ன மாதிரியே வாங்கிருக்கிய."

இரண்டு வருஷமாகப் பதில்களைத் தயாராக வைத்திருந்தார். பன்றியைச் சொல்லலாம், முழங்காலைச் சொல்லலாம். அவள் அதையா கேட்டாள். குனிந்து நாற்றுமுடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ அழுதா எனக்குக் கையெழுத்து ஓடாது. அதான் சொல்லல."

"அழுதிருப்பேன். அழுதுட்டு நானும் கூட வந்திருப்பேன். நமக்கு முடியலங்கது எனக்குத் தெரியாதா?" அவள் கையில் ஒட்டியிருந்த சேற்றை மற்றக் கையால் வழித்தாள். "புல்லறுக்கப் போனேன்லா. மிசின்காரன் வண்டிய நிப்பாட்டிட்டு, நீ யாரும்மான்னு கேட்டான். என்ன சொல்லன்னு எனக்குத் தெரியலங்க."

இதை அவர் இதுவரை கேட்டதில்லை. யாரும் சொன்னதும் இல்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடித்தது. பெல்ட்டின் பையைத் திறந்தார். காகிதச் சுருளை எடுத்துப் பிரித்தார். முழங்காலில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, பச்சை நாற்றின்மேல் வாசரை வைத்தார்.

வெள்ளைத்தாய் அதை எடுத்தாள். ஓட்டை வழியாகக் கட்டைவிரலை விட்டு விளிம்பைத் தடவிப் பார்த்தாள். நல்ல தோல்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. இடுப்பில் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள். அதோடு முடியை எடுத்து வழிவிட வேண்டும், அதுதான் முறை. அவள் முடியின் கட்டை அவிழ்த்தாள். பாதியை எடுத்துக்கொண்டு மீதியை அவர் காலடியிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வயலுக்குள் நடந்தாள்.

ஆம்பிளைகள் நடுவதில்லை. எழுபது வருஷத்தில் அவர் ஒரு நாற்றுக்கூட ஊன்றியதில்லை. அப்புறம் வரப்பில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். அந்தக் கயிறு அவருக்கு எப்போதும் சிக்கிக்கொள்ளும். காலுறைக்குள்ளிருந்து வெளுத்துப்போன பாதங்கள் வெளியே வந்தன. சேறு ஊர்ச் சேறு மாதிரியே விரலிடுக்கில் பிதுங்கியது. நாற்றைப் பிரித்து, அவள் பக்கத்தில் குனிய முடிந்தவரைக்கும் குனிந்து, முதல் நாற்றை ஊன்றினார்.

வெள்ளைத்தாய் எட்டிப் பார்த்தாள். அதைப் பிடுங்கினாள். ரொம்ப ஆழம். அதே குழியில் விரல் நுனி அளவுக்கு மேலே தூக்கி ஊன்றிவிட்டுக் கையை எடுத்தாள். அவர் இரண்டாவதை ஊன்றினார். அதையும் பிடுங்கினாள்.

மூன்றாவதை ஊன்றிவிட்டு அவள் கை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். நாற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் அசைகிற பக்கமெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது.