டேப் தேய்ந்த இடம்

என்னை ஏழு நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். 1987-ல் பினாங்கில் எங்கள் யாழ்ப்பாணத்துச் சனங்களுக்குப் புதிதாகப் பிடித்த பைத்தியம் அது. மாப்பிள்ளைகள் எல்லாரும் லண்டனிலும் மெல்பர்னிலும் இருந்தார்கள். பெண் பார்க்க வருவதற்கு அவர்களுக்கு லீவு கிடைக்காதாம். அதனால் ஜாதகத்தோடு ஒரு ஏழு நிமிட வீடியோ கேசட்டும் அனுப்ப வேண்டும். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள், அதையே அடுத்த வீட்டுக்கு அனுப்பலாம்.

பழைய முறையில் ஒரு வசதி இருந்தது. அவன் என்னைப் பார்க்கும்போது நானும் அவனைப் பார்க்கலாம். வழுக்கையா, வாயைத் திறந்துகொண்டு மெல்லுகிறானா, அவன் அம்மா எங்கள் வீட்டு அலமாரியை எடைபோடுகிறாளா, எல்லாம் அரை மணியில் தெரிந்துவிடும். கேசட்டில் அவன் மட்டும்தான் பார்ப்பான்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தினமும் ஃபெரி ஏறிப் போய் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கிவிட்டு வருகிறவள். வீட்டில் மட்டும் நான் தங்கைக்குக் குறுக்கே கிடக்கிற கட்டை. நவமணிக்கு ஈப்போவில் ஒரு நல்ல பையன் பேசி ஒன்றரை வருடமாகியிருந்தது. அக்காவுக்கு முடிக்காமல் தங்கைக்குச் செய்வதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். வருகிற சித்திரை வரைக்கும்தான் பொறுப்போம் என்று பையன் வீட்டார் சொல்லிவிட்டார்கள். நவமணி என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். என் சேலைகளை எடுத்து இஸ்திரி போட்டு வைப்பாள். அது கேட்பதைவிட மோசம்.

கேசட் எடுத்தவர் சூலியா ஸ்ட்ரீட்டில் வீடியோ கடை வைத்திருந்த பஷீர் அண்ணன். நான் அறையிலிருந்து நடந்து வருவேன். மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பி நிற்பேன். பலகாரத் தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பேன். பேர், படிப்பு, வேலை சொல்வேன். கடைசியில் ஒரு தேவாரம். கடவுளையும் விட்டுவைக்கவில்லை.

முதல் இரண்டு இடங்களிலிருந்தும் கேசட் போன வேகத்தில் திரும்பிவிட்டது. மூன்றாவது ஆள் சிவகுருநாதன், லண்டனில் கணக்காய்வாளர். அவர் மூன்று மாதம் வைத்திருந்தார். அம்மாவுக்கு நம்பிக்கை வந்து கூறைச் சேலைக்குக் கடை விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். பிறகு கேசட் வந்தது, கூடவே நாலு வரிக் கடிதம். ஜாதகத்தில் ஒரு சிறு தோஷம் இருப்பது இப்போதுதான் தெரிந்ததாம்.

அம்மா கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். நான் தட்டோடு வருகிறேன், குனிகிறேன், உடனே திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் பறந்து படம் நடுங்கியது. தட்டை வைத்து நிமிர்ந்ததும் பளிச்சென்று சரியாகிவிட்டது.

"அந்த பஷீர் மட்டமான டேப்ப நம்ம தலையில கட்டிட்டான். நீ போய்க் கேளு," என்றாள் அம்மா.

சனிக்கிழமை மத்தியானம் சண்டைக்குத் தயாராகத்தான் கடைக்குப் போனேன். பஷீர் அண்ணன் அந்த இடத்தை ஓடவிட்டுப் பார்த்தார்.

"டேப்பு நல்ல டேப்புதான் தங்கச்சி. ஒரே இடத்துல நிப்பாட்டி நிப்பாட்டி, ரிவைண்ட் பண்ணிப் பண்ணிப் பாத்தா அந்த இடம் மட்டும் தேஞ்சிரும்லா. நாங்க வாடகைக்கு விடற படத்தப் பாருங்க, எல்லாத்துலயும் மழைப் பாட்டு வர்ற இடத்துலதான் இப்படிக் கோடு..."

பாதியில் நிறுத்திவிட்டார். டிவியை அணைத்தார். "குடிக்க தே ஓ ஒண்ணு சொல்லட்டா?" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

தேவாரம் பாடிய இடம் புத்தம் புதிதாக இருந்தது. படிப்பும் வேலையும் சொன்ன இடத்தில் ஒரு கீறல் இல்லை. குனியும்போது சேலை விலகிய அந்த மூன்று விநாடியைத்தான் அவன் மூன்று மாதம் வைத்துத் தின்றிருக்கிறான். தனியாகவா, கூட்டாளிகளோடா, யார் கண்டது. அதன் பிறகுதான் அவனுக்குத் தோஷம் தெரிந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்குப் போய்க் குளித்தேன், கூச்சம் போகவில்லை.

அம்மா அப்பா இருவரையும் உட்காரவைத்து, பஷீர் அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா தியாகராஜா ஓய்வுபெற்ற தலைமைக் கிளார்க். இந்த வயதிலும் என் ரவிக்கைக் கை கொஞ்சம் ஏறினால் தொண்டையைச் செருமுகிறவர். அவர் எழுந்து போய்க் கேசட்டை உருவி எடுத்தார். உள்ளே இருந்த டேப்பை முழம் முழமாக இழுத்துக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டார்.

"இனிமே இந்த வீட்டுல வீடியோ கீடியோ ஒண்ணும் வேணாம்," என்றார்.

அப்பாவை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் நேசித்ததில்லை. இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அம்மா மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டே தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்: "முதல் ரெண்டு பேரும் ஒரு தடவைக்கு மேல பாக்கல. இவனாச்சும் பாத்தான்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

தை பிறந்ததும் மெல்பர்னிலிருந்து விஸ்வலிங்கம் என்பவர் தன் மகனுக்காகக் கடிதம் போட்டார். ஜாதகம் பொருந்துகிறது, கேசட் அனுப்பவும். அதே வாரம் ஈப்போவிலிருந்தும் ஃபோன் வந்தது. சித்திரைக்கு இன்னும் மூன்று மாதம்தான் என்று ஞாபகப்படுத்தினார்கள். நவமணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் பஷீர் அண்ணனுக்கு ஃபோன் செய்தது அப்பாதான்.

நவமணிக்காக நான் ஒத்துக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு. பஷீர் அண்ணன் கேமராவைத் தோளில் தூக்கியதும் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"நடக்கிறது, திரும்புறது, தட்டு வைக்கிறது ஒண்ணும் கிடையாது. நான் நாற்காலியில உக்காந்து பேசுறேன். அத மட்டும் எடுங்க அண்ணே."

"அதுவே போதும் ஐயா. நல்லா வரும்," என்றார் பஷீர் அண்ணன், அப்பாவைப் பார்த்து.

அப்பா தலையை ஆட்டினார். எழுந்தார். வரவேற்பறை மேசையை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். நாற்காலிக்கு இடம் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். சமையலறைக்குள் போனார். அம்மா உட்கார்ந்து காய் நறுக்குகிற குட்டி ஸ்டூலை எடுத்துவந்து, மேசை இருந்த இடத்தில் வைத்தார். என் முழங்கால் உயரம்கூட இல்லாத ஸ்டூல், மேசைக்குக் குனிந்ததைவிட இன்னும் தாழக் குனிய வேண்டும்.

"தட்ட இதுல வெய்யி," என்றார்.

பஷீர் அண்ணன் சுத்தமாக இருந்த லென்ஸை மறுபடியும் துடைத்தார். நவமணி பலகாரத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் போய் நவமணியிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டேன்.