கட்டைவிரல் எண்ணெய்

பதினோரு வருஷமாக எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ரத்தத்தின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே அதில் சத்து எவ்வளவு என்று சொன்னவன் நான். 1962இல் கொழும்பில் படித்த பவளக்கொடி ஒரு மெஷினோடு வந்து சேர்ந்தாள். கண்ணாடிக் குழாயிலுள்ள ரத்தம் எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குகிறதோ, அவ்வளவு பெரிய எண்ணை மெஷினின் முள் காட்டும். அன்றிலிருந்து டாக்டர் ஐயா என் முகத்தையே பார்ப்பதில்லை. "மெஷின் என்ன சொல்லுது?" என்று அவளிடம்தான் கேட்பார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் கொழுந்தெடுக்கும் வேலாயியின் ரத்தத்தைக் குழாயில் கரைத்து வைத்துவிட்டுப் பவளக்கொடி அந்தப் பக்கம் திரும்பினாள். என் தலையெண்ணெயைத் தொட்ட கட்டைவிரலைக் குழாயின் மேல் அழுத்தி எடுத்தேன். அவள் திரும்பி வந்து குழாயை மெஷினில் வைத்ததும் வெளிச்சம் மங்கியது. முள் பதினான்கில் போய் நின்றது. நாளைக்கே பெரட்டில் நின்று பேர் கொடுத்து வேலைக்குப் போகலாம் என்று எழுதிக்கொடுக்கிற எண் அது.

பவளக்கொடி எழுதவில்லை. வேலாயியின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்துக் கிடந்தது.

"அண்ணே, நீங்க ஒருக்கா கண்ணால பாருங்க."

குழாயிலிருந்த ரத்தத்தைப் பார்த்தேன். "ஏழுதான்" என்றேன்.

அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்த டாக்டர் ஐயா முள்ளையும் வேலாயியின் இமையையும் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "மெஷினுக்கு ஒன் கண்ணே தேவலப்பா." எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் போனதும் பவளக்கொடி குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இவ்வளவு பெரிய ரேகை என் விரலோடது இல்லண்ணே. ஐயாகிட்ட நான் சொல்லல."

சொல்லித் தொலைத்திருக்கலாம். பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டாள், பாவி.