குளத்துக்கு ஒரு ஓட்டு

மேவிஸ் டஃப்னெல் மாவட்ட மன்றத் தேர்தலில் நிற்கிறாள் என்றதும் வெல்ஹித் ஊரே சிரித்தது. சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. சுற்றுவட்டார மன்றங்களையெல்லாம் கலைத்து ஒரே பெரிய மன்றமாக்க லண்டனில் முடிவாகிவிட்டது. வெல்ஹித் மன்றத்துக்கு இன்னும் இரண்டு வருட ஆயுள்கூட இல்லை.

"மூழ்குற கப்பலுக்கு டிக்கெட் வாங்குறியே மேவிஸ்!" என்றான் இறைச்சிக்கடை டெரெக்.

"சாகப்போறவங்கதான் உயில் எழுதணும் டெரெக். நீ முதல்ல ஓட்டுப் போட வா" என்றாள் அவள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கடற்சுவரை ஒட்டிய திறந்தவெளி நீச்சல் குளம். மன்றத்துக்குச் சொந்தமான அந்தக் குளத்தில், தன் முடிதிருத்தும் கடையைத் திறக்கும் முன் குளிரில் வெடவெடத்தபடி அவள் தினமும் நீந்துவாள். பெரிய மன்றத்தின் கைக்குப் போனால் குளம் கார் நிறுத்துமிடமாகிவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதற்குள் ஊர் அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றிவிட இப்போதைய மன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. மனம்தான் இல்லை.

அவள் நின்ற வார்டில் பல வருடமாக உறுப்பினர், மன்றத்தை ஆண்ட கட்சியின் கொலின் பிரெவெட். மாதா கோயில் கூடத்தில் நடந்த கூட்டத்தில் அவர் கனிவாகப் பேசினார்.

"எல்லாத்தையும் ஒழுங்கா ஒப்படைச்சுட்டுப் போறதுதான் இப்ப நம்ம வேலை. கடைசி நேரத்துல எதையும் கிளறக்கூடாது."

மேவிஸ் எழுந்தாள். "வீட்டைக் காலி பண்றப்போ நம்ம சாமானை நாம எடுத்துட்டுப் போறதில்லையா? இல்ல, அதையும் அடுத்து வர்றவனுக்கே விட்டுட்டுப் போவீங்களா கொலின்?"

கூடம் கைதட்டியது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வாக்கு எண்ணியபோது இருவருக்கும் சமம். திரும்ப எண்ணினார்கள், அப்போதும் சமம். சட்டப்படி சீட்டுக் குலுக்க வேண்டியதாயிற்று. தேர்தல் அதிகாரி பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"கொலின் பிரெவெட்."

ஓட்டில் தோற்றிருந்தால்கூட மேவிஸ் தாங்கியிருப்பாள். தோற்காமல் தோற்பது என்ன நியாயம்? பிரெவெட் கைகுலுக்க வந்து, "போனது போகட்டும், வீட்டுக்குப் போய் ஓய்வெடு" என்றார். அந்த ஒரு சொல்தான் அவளை நிமிர்த்தியது.

"ஓய்வா? என்னைவிட ஒரு ஓட்டுக்கூட நீங்க அதிகமா வாங்கல. நான் எங்கயும் போகல."

மறுநாளே கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் முடியை வெட்டிக்கொண்டே தன் திட்டத்தைச் சொன்னாள். புதிதாகத் தேர்வான வெல்ஹித் மன்றத்தின் முதல் கூட்டத்தன்று பார்வையாளர் மாடம் நிரம்பி வழிந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அத்தனை தலையிலும் நீச்சல் குல்லாய். டெரெக்கின் பெரிய தலையில் பூப்போட்ட குல்லாய் ஒன்று பிதுங்கி நின்றது.

"குல்லாய்களைக் கழற்றுங்கள்" என்றார் தலைவர்.

"எந்த விதியில இருக்கு ஐயா?" என்றாள் மேவிஸ். தலைவர் பக்கத்திலிருந்த அதிகாரியைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

பொதுமக்கள் கேள்வி நேரத்தில் அவள் பிரெவெட்டை நேராகப் பார்த்தாள். "உங்க பேரு பெட்டியில இருந்து வந்துச்சு கொலின். ஆனா உங்க வார்டுல பாதிப்பேரு இதோ இங்கதான் உக்காந்திருக்கோம். இன்னிக்கு நீங்க யாருக்காகக் கை தூக்கப்போறீங்க?"

குளத்தை அறக்கட்டளைக்கு மாற்றும் தீர்மானத்தைக் கடைசி வரிசைப் பெண் உறுப்பினர் ஒருத்தி கொண்டுவந்தாள். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்து, பெரும்பான்மைக்கு ஒன்று குறைவாக நின்றன. பிரெவெட் மேசையைப் பார்த்தார், மாடத்தைப் பார்த்தார். பிறகு, யாரோ முழங்கையைப் பிடித்துத் தூக்குவதுபோல, மெல்லக் கையை உயர்த்தினார்.

வெளியே படிக்கட்டில் அவளை மறித்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "உன்னால என் கட்சிக்காரங்க இனிமே என்கிட்ட பேசமாட்டாங்க. இதோட விட்டுடுவியா? பெரிய மன்றத்துக்கும் நிப்பியா?"

"நீங்க நிக்கிறீங்களா?"

"யோசிக்கிறேன்."

"நான் யோசிக்கல, நிக்கிறேன்" என்றாள் மேவிஸ்.

டெரெக் அவளுக்காகக் கார் கதவைத் திறந்து வைத்திருந்தான்.