மூலைக் கம்பு

பூவன்துறையில் வேலி இல்லாத நிலம் மழைக்காலத்தில் கடலுக்குப் போய்விடும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மண் நனைந்தால் இளகும், இளகினால் பள்ளம் பார்த்து நகரும், பள்ளம் கடல் பக்கம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு திரேசாளின் எட்டு சென்ட் அப்படித்தான் வீடு, மூன்று தென்னை, ஒரு பசு எல்லாவற்றோடும் கிளம்பிப் போனது. வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் அவ்வப்போது பார்க்கிறார்கள். பசு நன்றாக இருக்கிறதாம்.

அதனால் அந்த ஊரில் வேலிக் கம்பு நடுவதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. குழி இரண்டரை அடி ஆழம், வாயைவிட அடிப்பக்கம் அகலமாக இருக்க வேண்டும். தண்ணீர் வடிய அடியில் செம்பாறைத் துண்டுகள் போட வேண்டும். கம்பின் அடிப்பாகத்துக்குத் தார் பூசி, மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாகத் தள்ளிக் கடப்பாரையால் இடித்துக்கொண்டே வந்து, கடைசியில் கம்பைச் சுற்றிச் சின்ன மேடு கட்ட வேண்டும். இவ்வளவும் எல்லா ஊரிலும் செய்வதுதான். அதன்பிறகு ஒரு ஆள் அந்தக் கம்பின் பக்கத்தில் விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை நிற்க வேண்டும். எப்படி நிற்பது என்று கம்பு வேறு எங்கே போய்ப் படிக்கும்? நிற்கிறவர் ஒழுங்காக நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்துத் தெருவில் ஒருவர் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்ட கம்பு இன்றைக்கும் மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் படுத்து எழுகிறது.

லீதியாள் தையல்காரி. அவளுடைய வேலியை அவள் கணவன் நட்டிருந்தான். மழையே காணாத ஊரில் பிறந்தவன் என்பதால் குழி நிறைய சிமெண்டைக் கொட்டி, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே செத்தும் போனான். சிமெண்ட் கிண்ணம் போல மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. கம்புகள் அதில் ஊறி ஊறி மண் மட்டத்தில் இற்று, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வைகாசி பிறந்ததும் பெய்த சின்ன மழைக்கே அவள் நிலம் ஏழு அடி நகர்ந்துவிட்டது. கிணறு ஆழமானது என்பதால் கூட வரவில்லை. தண்ணீர் எடுக்க வேலிக்கு வெளியே போய் வந்தாள்.

வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதிப் பெருமழை இறங்குவதற்குள் வேலி நின்றாக வேண்டும். இல்லையென்றால் தையல் மிஷினும் அவளும் திரேசாளுக்குப் பக்கத்து வீடுதான். ஆனால் பதினான்கு கம்புக்குப் பதினான்கு ஆள் வேண்டும். அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்க முகமில்லை. அவளுக்கு வலது கால் கொஞ்சம் குட்டை; நின்றால் உடம்பு வலப்பக்கம் சாயும். கம்பும் அப்படியே சாயும் என்று இருபது வருஷமாக ஒருவர் வேலிக்கும் அவள் போய் நின்றதில்லை.

ஒரு வாரம் தனியாகவே குழி தோண்டிக் கம்புகளை நட்டாள். அதற்கு மறுநாள் விடியற்காலையில் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. ஊருக்கு வேலி கட்டிக் கொடுக்கிற நேசையன் பன்னிரண்டு பேரோடு வந்து நின்றார். இரண்டு வீட்டில் கடையையே பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு கம்பு என்று பிரித்துவிட்டதும், கடல் பக்க வேலியும் தெருப் பக்க வேலியும் சேருகிற மூலைக் கம்பு மிச்சமிருந்தது. மேற்கே வானம் கறுத்து வந்தது. ஊருக்குள் போய் வேறு ஆள் தேட நேரமில்லை.

நேசையன் அவளைக் கூப்பிட்டார். அவள் தன் காலைக் காட்டினாள்.

"நான் நின்னா கம்பு வெளிய சரிஞ்சு போவும் அண்ணே."

நேசையன் மூலைக் கம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, வலப்பக்கம் வேலிக்கு வெளியே வரும்படி நிறுத்தினார்.

"வெளிய சரிஞ்சுதான் நிக்கணும் பிள்ளே. கம்பிய இழுத்துக் கெட்டினா மூலை உள்ளாற வரும். இத்தன வருசமா நேராட்டு நிக்கியவங்களயே மூலைக்கு நிறுத்தினேன். எல்லா மூலையும் வளஞ்சு போச்சு. எனக்க புத்தி அவ்வளவுதான்."

லீதியாள் நின்றாள். இருபது வருஷத்தில் முதல்முறையாக, நிமிர முயலாமல் தன்பாட்டுக்கு நின்றாள். வேலி நெடுகப் பதின்மூன்று பேர் அசையாமல் நின்றார்கள். வெயில் ஏறியது, ஒருவரும் தண்ணீருக்குக்கூடப் போகவில்லை. அவள் பகல் முழுக்க ஒவ்வொருவர் பேராக மனதுக்குள் எடுத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிப் பேர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

பொழுது அடைந்ததும் எல்லாரும் சேர்ந்து முள்கம்பியை இழுத்து, இரண்டு நுனியையும் அண்டை வீட்டு மதில்களில் கட்டினார்கள். கம்பி வீணை நரம்பு போல விறைத்தது. அவர்கள் கிளம்பும்போது அவள் வாய் நிறையச் சொல்ல நினைத்தாள். பால் விடாத கட்டஞ்சாயா குடித்துவிட்டுப் போகச் சொல்வதற்கு மட்டுமே குரல் வந்தது. அதை அவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள்.

மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நிலம் இழுத்துப் பார்த்தது. சமையலறைத் தட்டுகள் எல்லாம் கடல் பக்கமாக வழுக்கின. மூலைக் கம்பு தன் சாய்வில் அப்படியே நின்று, அவளுடைய பதினாறு சென்டையும் பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் வெயில் வந்தபோது வீடு ஒரு விரற்கடைகூட நகர்ந்திருக்கவில்லை. லீதியாள் கதவைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதாள்.

அன்றைக்குக் காலையிலிருந்துதான் மூலைக் கம்பு பேசத் தொடங்கியது. வேலிக்கு வந்து நின்றவர்களில் யார் தெருவில் போனாலும், லீதியாளின் குரலில், அவர்கள் பேரைச் சொல்லி, "நீங்க வந்தது எனக்குப் பெரிசு" என்கிறது. போகிறவர்கள் "அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்கள். நேசையன் வந்தால் மட்டும் அது இரண்டு தடவை சொல்லும். அவர் சைக்கிளை நிறுத்தி, "இருக்கட்டும் பிள்ளே" என்று கம்பிடம் சொல்லிவிட்டுப் போவார். உள்ளே லீதியாள் ரவிக்கைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள்.